நாலு ஓம் ஸ்பீக்கருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர்

ஜூன் 4

அண்ணா,

கவரைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. இங்கே எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். எல்லாரும் என்றால் அப்பாவும் நானும். இந்தப் பதினோரு வருஷத்தில் உனக்கு நான் போட்ட மூன்று கடிதமும் ஆஸ்பத்திரிச் செய்தி என்பதால் சொல்கிறேன். இது ஆம்ப்ளிஃபயர் விஷயம்.

நீ செய்த ஸ்பீக்கர் ஜோடி இன்னும் பின்னறையில்தான் இருக்கிறது. ஒன்றின் மேல் இஸ்திரிப் பெட்டி, இன்னொன்றின் மேல் அப்பாவின் மருந்து டப்பா. போன வாரம் இரண்டையும் இறக்கிவிட்டுத் துடைத்தேன். பின்பக்கம் உன் பென்சில் எழுத்து அழியவே இல்லை: ‘4 ஓம். மரியாதையாக நடத்தவும்.’ அப்பா வயரை வெட்டிய அன்றைக்கு நீ ஆம்ப்ளிஃபயரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாய். இவை தூக்க முடியாத கனம் என்று இங்கேயே நின்றுவிட்டன, என்னைப் போலவே.

எனக்குப் பாட்டுக் கேட்க வேண்டும். தினம் ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு. எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்க? கடையில் கேட்டால், “ரெண்டு வயர மாட்டுங்க, பாடும்” என்கிறான். நீ செய்ததற்கு அப்படிக் கண்டதையும் மாட்ட மனசு வரவில்லை. உன் பழைய ஆம்ப் இருந்தால் அதையே அனுப்பினாலும் சரி.

பதிலை வீட்டுக்குப் போடாதே. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை விலாசம் கீழே இருக்கிறது. ஃபோனும் வேண்டாம். அது அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, உன் பேச்சு வந்தால் அவர் முகம் எப்படி ஆகும் என்று உனக்கே தெரியும்.

வாலு

ஜூன் 12

வாலு,

கடிதத்தைத் தியேட்டர் சவுண்ட் ரூமில் நின்றபடியே படித்தேன். இடைவேளை மணி அடிக்க மறந்து, ஜனங்கள் கூச்சல் போட்டு, முதலாளி வந்து கத்திவிட்டுப் போனார். போகட்டும். பென்சில் எழுத்து அழியவில்லையா!

பழைய ஆம்ப் இல்லை. இங்கே எடுத்த முதல் அறை ஒழுகும். முதல் மழையிலேயே அது செத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆம்ப் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் எத்தனை வாட்ஸ் என்றுதான் கேட்பார்கள். நீ அதைக் கடைசியில் கேள். முதலில் இதற்குப் பதில் எழுது. அறை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்? தரை வெறும் தரையா, விரிப்பு உண்டா? உட்காரும் இடத்திலிருந்து ஸ்பீக்கர் எத்தனை அடி? சுவரை ஒட்டியா, தள்ளியா? எவ்வளவு சத்தமாகக் கேட்பாய்?

நாலு ஓம் என்றால் என்னவென்று சொல்கிறேன். சாதாரண ஸ்பீக்கர் எட்டு ஓம். அது ஆம்ப்பிடம் ஒரு குவளை தண்ணீர் கேட்டால், நாலு ஓம் இரண்டு குவளை கேட்கும். கொடுக்கத் திராணி இல்லாத ஆம்ப் சூடாகி, மூச்சு வாங்கி, உட்கார்ந்துவிடும். அதனால் கடைக்காரன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிடாதே. அதற்கு நான் பதில் போடும்வரை எதையும் வாங்காதே.

உன் அண்ணன்

ஜூன் 19

அண்ணா,

நான்கு பக்கத்தில் ஆறு கேள்வி கேட்டிருக்கிறாய். அதில் ஒன்றுகூட ‘அப்பா எப்படி இருக்கிறார்’ இல்லை. கேட்காததற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

அறை பதினோரு அடிக்கு ஒன்பது அடி. வெறும் தரை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் ஸ்பீக்கர் ஆறடி. சுவரிலிருந்து தள்ளி வைக்க இடம் கிடையாது. தள்ளினால் அலமாரிக் கதவு திறக்காது.

அப்பா. முறிந்த இடுப்பு எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரைக்கும்தான் நடப்பார். மற்ற நேரமெல்லாம் வாசலுக்கு நேரே நாற்காலி, எதிரே கடிகாரம், மடியில் நோட்டு. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்தவர், இப்போது அவர் டிப்போவில் மிச்சம் இருக்கிற ஒரே வண்டி நான். ‘வெளியே 9.50. உள்ளே 2.15.’ ‘வெளியே 5.30, காய்கறி. உள்ளே 6.05.’ பத்து நிமிஷம் பிந்தினால், “எங்க நின்ன?” என்பார். யாரோடு என்று கேட்கமாட்டார், எங்கே என்றுதான் கேட்பார். எனக்கு முப்பத்தாறு வயது, அண்ணா.

காதும் போய்விட்டது. முழுசாக இல்லை. கீச்சென்ற சத்தம் எதுவும் விழாது. காலிங் பெல் கேட்காது, குக்கர் கேட்காது, என் குரல் கேட்கவே கேட்காது. கத்திக் கத்தி என் தொண்டை புண். ஆனால் கீழ்வீட்டு டிரைவர் மெல்லப் பேசினாலும் திரும்பிப் பார்க்கிறார். கட்டைக் குரல் மட்டும் விழும் என்றார் காது டாக்டர். காது மிஷின் வாங்கினோம், “இரையுது” என்று கழற்றி எறிந்துவிட்டார்.

இப்போது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபயர் பாதிக் காரணம்தான். போன மாதம் எனக்கு ஓர் உத்தரவு வந்திருக்கிறது. பெரிய கண் ஆஸ்பத்திரி, இரண்டு வருஷப் பயிற்சி, தங்க அறை, முடித்தால் அங்கேயே வேலை. பார்வை சோதிக்கிற வேலை. இந்தக் கடையில் பதினாலு வருஷமாக யாரோ எழுதிக் கொடுக்கிற நம்பருக்குக் கண்ணாடி மாட்டுகிறேன். அந்த நம்பரை நான் எழுத வேண்டும். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர வேண்டும். போன வருஷமும் இதே உத்தரவு வந்தது, அவர் இடுப்பை முறித்துக்கொண்டார், விட்டுவிட்டேன். மூன்றாம் தடவை கொடுக்கமாட்டார்கள்.

நீ வா. உன் கட்டைக் குரல் அவருக்குக் கேட்கும்.

வாலு

ஜூலை 2

வாலு,

பதில் பிந்திவிட்டது. புதுப் படம், தினம் ஐந்து காட்சி.

உன் அறைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு ஓமில் அறுபது வாட்ஸ் சுத்தமாகக் கொடுக்கிற ஆம்ப் வேண்டும். நீ அதில் இரண்டு வாட்ஸ்கூடக் கேட்கமாட்டாய், ஆனாலும் அறுபது வேண்டும். பின்பக்கம் ‘4–8 ஓம்’ என்று அச்சிட்டிருக்கிறதா பார். வெறும் ‘8 ஓம்’ என்றால் தொடாதே. தூக்கிப் பார், கனமாக இருக்க வேண்டும். உள்ளே நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் கை வலிக்கும்.

ஊரில் எல்லாரும் ஒரு தப்பு செய்வார்கள். பெரிய ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்று பயந்து, பத்திரமாக இருக்கட்டும் என்று சின்னதாக வாங்குவார்கள். எரிப்பது சின்னதுதான். சக்திக்கு மேலே திருகினால் ஒலியின் தலையையும் வாலையும் வெட்டிவிட்டு வெறும் உடம்பை அனுப்பும். அந்த வெட்டுப்பட்ட ஒலி நேரே மேலே இருக்கிற ட்வீட்டருக்குப் போய் அதன் கம்பியைச் சுட்டுவிடும். ட்வீட்டர் என்பது அந்தச் சின்ன வட்டம், கீச்சுச் சத்தத்துக்கு. தியேட்டரில் வாரம் ஒரு ஆள் தன் வீட்டு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறான். எல்லாம் இதே கதை.

மற்ற விஷயம். என்னால் முடியாது, வாலு. முதலாளி விடமாட்டார் என்று எழுதி, அடித்துவிட்டேன், பார்த்திருப்பாய். விடுவார். நான்தான் அந்த வீட்டு ஹாலுக்குள் நுழையமாட்டேன். அவர் கட்டிங் பிளேயரோடு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதிகாலை ஷிஃப்டுக்குப் போகிறவர், பகலில் தூங்க வேண்டும், எல்லாம் நியாயம். ஆனால் வெட்டிவிட்டு, “இப்ப கேளுடா” என்று சிரித்தார். ஒரு நல்ல ஆளாகப் பார்த்து வை. நான் மாதாமாதம் அனுப்புகிறேன்.

உன் அண்ணன்

ஜூலை 8

அண்ணா,

ஆள் வைத்துப் பார்க்காமலா உனக்கு எழுதினேன்? இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்த பெண்மணி பாத்ரூம் போய் வந்த நேரத்தையும் அப்பா நோட்டில் எழுதினார். நாலாம் நாள் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டாவது பெண் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. அவளை ஊமை என்று நினைத்து ஜாடையில் பேசினார். அவளும் போய்விட்டாள். இப்போது நான் கடைக்குப் போகிற நாலு மணி நேரம் கீழ்வீட்டு டிரைவரின் மனைவி வந்து உட்காருகிறாள். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது.

அவர் சிரித்தது உனக்கு நினைவிருக்கிறது. சரி. நீ பஸ் ஏறின பிறகு யார் கதவைத் திறந்தது, யார் சாப்பாடு வைத்தது, யாரிடம் அவர் ஆறு மாதம் பேசாமல் இருந்தார்? அந்த வெட்டின வயரைக்கூட நான்தான் பொறுக்கினேன். உனக்குக் கோபித்துக்கொண்டு போக ஒரு வாசல் இருந்தது. அதே வாசலில் அவர் நாற்காலியைப் போட்டுவிட்டார், நான் எங்கே போவேன்?

பணம் அனுப்பாதே.

ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிட்டேன். நீ சொன்னது இல்லை. பதினைந்து வாட்ஸ், ‘8 ஓம்’ என்றுதான் போட்டிருக்கிறது, ஒரு கையில் தூக்கலாம். பெரியது கடையில் வரவழைக்க ஒரு மாதம் என்றான். எனக்கு ஒரு மாதம் இல்லை.

வாலு

ஜூலை 14

வாலு,

உனக்குப் பைத்தியமா? இரண்டு தாள் நிறைய எழுதினேனே, பதினைந்து வாட்ஸா!

சரி, வாங்கியாயிற்று. திருப்பித் தரமுடியாவிட்டால் இதையாவது கேள். வால்யூம் குமிழைக் கடிகாரம் மாதிரி நினைத்துக்கொள். ஒன்பது மணிக்கு மேல் போகாதே. பேஸ், டிரெபிள் இரண்டும் நடுவில். ஒலி கரகரவென்றால் உடனே குறை. எரிச்சல் வாடை வந்தால் பிளக்கைப் பிடுங்கு. அந்த ட்வீட்டர் இப்போது எங்கேயும் கிடைக்காது. என்னிடம் இரண்டு கம்பிச்சுருள் இருக்கின்றன, அவ்வளவுதான். மாற்றுவதும் என்னால் மட்டும்தான் முடியும். ஒரு நூல் பிசகினால் போச்சு.

வாசல் பற்றி எழுதினாயே, அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். குமிழை மட்டும் ஒன்பதிலேயே வை.

உன் அண்ணன்

ஜூலை 20

அண்ணா,

ஸ்பீக்கர் போய்விட்டது. இரண்டும். நேற்று மத்தியானம். வாடை வந்தது, பிளக்கைப் பிடுங்கினேன், அதற்குள் ஆகிவிட்டது. இப்போது வைத்தால் கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது, மேல் சத்தமே இல்லை. அப்பாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. “நல்லாத்தான பாடுது?” என்கிறார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைக்காரன் கழற்றித் தரச் சொல்கிறான். கொடுக்கட்டுமா?

வாலு

ஜூலை 24

வாலு,

அவன் கையில் கொடுக்காதே! யாரும் தொடக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரே அந்த அறைக்குள் போகக் கூடாது.

நான் வருகிறேன். நாலு நாள் லீவு சொல்லிவிட்டேன். முப்பதாம் தேதி சாயங்காலம் வருவேன். பின்னறையிலேயே இருந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறேன். அவரிடம் நீயே சொல்லிவை, சொல்லாவிட்டாலும் சரி.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 3

அண்ணா,

கவரில் நம் வீட்டு விலாசம் எழுதி, உன் பேரும் எழுதினேன்.

நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். அறை சின்னதுதான். ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, வேறு ஒன்றும் தெரியாது. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினேன். திறந்தேன். மறுபடி சாத்தினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

காய்கறி வாங்கப் போகிறேன் என்று உன்னிடமும் அவரிடமும் ஒரே பொய்யைச் சொன்னேன். வாசலைத் தாண்டும்போது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ‘வெளியே 9.10’ என்று எழுதியிருப்பார். பக்கத்துக் கட்டம் இன்னும் காலியாக இருக்கும், இல்லையா? உடுப்புகளைப் பத்து நாளாக, தினம் இரண்டாகக் காய்கறிப் பையில் வைத்து, கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் தானாக எரியவில்லை. நான் எரித்தேன். உன் ஜூலை இரண்டாம் தேதிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். அதற்காகத்தான் சின்ன ஆம்ப் வாங்கினேன். எனக்காக நீ வரமாட்டாய். அவருக்காக நிச்சயம் வரமாட்டாய். இந்த இரண்டு பெட்டிக்காக வருவாய் என்று தெரியும். மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம், கட்டைச் சத்தம் அவரை எழுப்பாமல் இருக்க பேஸ் குமிழை அடியோடு குறைத்துவிட்டு, மற்ற இரண்டையும் கடைசி வரைக்கும் திருகினேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று. காதைப் பொத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டிலிருந்து வந்து கதவைத் தட்டினார்கள். முதலில் இடதுபக்கம் போயிற்று. நீ அந்தப் பலகைகளை ஒட்டும்போது பசை காய்கிறவரை நான்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே சாமான் அதுதான். அழுதேன். அழுதுகொண்டே குமிழைத் திருப்பாமல் இருந்தேன்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

வாலு

ஆகஸ்ட் 11

வாலு,

திட்டுகிறேன். நீ செய்தது அயோக்கியத்தனம். வாயால் சொல்லியிருந்தால் நான் வந்திருக்கமாட்டேன் என்பது வேறு விஷயம். அது என் அயோக்கியத்தனம்.

எனக்கு முப்பதாம் தேதியே தெரியும். வந்த அன்றைக்கே கழற்றிப் பார்த்தேன். இரண்டு சுருளும் ஒரே அளவுக்குக் கருகி இருந்தன. தெரியாமல் எரிந்தால் ஒன்று முந்தும், அதோடு மனுஷன் நிறுத்திவிடுவான். இரண்டாவதும் கருகும் வரை யாரோ விட்டு வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. பிறகு குளிக்கத் துண்டு தேடி உன் அலமாரியைத் திறந்தேன். வெறும் ஹேங்கர் ஆடியது. மூடிவிட்டேன். நீ ஹாலில் அவருக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தாய். அப்போதே பையை எடுத்துக்கொண்டு நான் கிளம்பியிருக்கலாம். மறுநாள் நீ 9.10-க்கு வாசலில் நின்று, “ஏதாவது வேணுமாண்ணா?” என்றாய். “பச்சை மிளகாய்” என்றேன். அதற்கு மேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஈயப் பற்றவைப்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அவர் என்னைப் பார்த்ததும் என்ன செய்தார் என்று நீயும் பார்த்தாய். கடிகாரத்தைப் பார்த்தார், “லேட்டு” என்றார், நோட்டில் ‘உள்ளே 6.40’ என்று எழுதினார். அவ்வளவுதான் பதினோரு வருஷத்துக்கு.

நீ போன நாலாம் நாள் பேச்சை ஆரம்பித்தார். என் குரல் கேட்கிறது என்று கண்டுகொண்டார். டிப்போவில் எந்த வண்டி எந்த வருஷம் எத்தனை நிமிஷம் பிந்தியது, எல்லாம் சொல்கிறார். நான் ‘ம்’ கொட்டினாலும் கேட்டுவிடுகிறது. வயர் வெட்டியதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

சுருள் மாற்றிவிட்டேன். நான் இருந்த ஊரிலிருந்து அறுபது வாட்ஸ் ஆம்ப்பும் வரவழைத்துவிட்டேன். அந்த ஜோடி எப்படிப் பாட வேண்டும் என்று நான் நினைத்துச் செய்தேனோ அப்படியே பாடுகிறது. ஒரே ஒரு நாள் பின்னறையில் கேட்டேன். “அதை ஹாலுக்குக் கொண்டா” என்றார். இப்போது அவர் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை ரேடியோவில் செய்தி. செய்தி படிக்கிற ஆளின் கட்டைக் குரல் மட்டும். அணைத்தால், “ஏன்?” என்கிறார்.

தியேட்டரில் மாதக் கடைசி வரை எனக்காகப் பார்ப்பார்களாம், அப்புறம் வேறு ஆள். கோபம் இல்லை என்று எழுதினால் பொய். தினமும் 5.30-க்குக் காய்கறிக்குப் போகிறேன், பஸ் நிறுத்தம் வரை நடக்கிறேன், திரும்பிவிடுகிறேன். 6.05-க்கு உள்ளே. நீ பதினோரு வருஷம் இதைத்தான் செய்தாயா?

திரும்பி வராதே. இரண்டு வருஷத்தையும் முடி. இதைக் கோபத்தில் எழுதவில்லை.

அவர் இன்னும் “வாலு” என்றுதான் கூப்பிடுகிறார். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய், “அவ இல்லப்பா, நான்” என்றேன். “தெரியும்” என்பார். அரை மணியில் மறுபடியும் “வாலு!” இப்போது சொல்வதை விட்டுவிட்டேன். நீ கத்தினாலும் அவருக்குக் கேட்காது. நான் வாய்க்குள் முனகினாலும் கேட்டுவிடுகிறது.

இதோ, கூப்பிடுகிறார். “வர்றேம்ப்பா” என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்